எரியாத சூடம்

ஏழாயிரம்பண்ணைக்குக் கிழக்கே, வேலிக்கருவைக் காட்டுக்கு நடுவில் இருக்கும் அந்தப் பட்டாசுக் கம்பெனியில் முனியசாமிக்குத் தினமும் காலையில் தீபாராதனை உண்டு. தீ மட்டும் கிடையாது. கேட்டுக்குள் தீப்பெட்டி கொண்டுபோகக் கூடாது என்பது கம்பெனிச் சட்டம். சாமிக்காக அதைத் தளர்த்த முடியாது. அதனால் பூசாரி ஒரு கட்டிச் சூடத்தைத் தட்டில் வைத்து, கொளுத்தாமலே மூன்று சுற்றுச் சுற்றிக் காட்டுவார். சனங்கள் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். எரியாத சூடத்தைத் தொட்டுவிட்டுச் சூடு பட்டதுபோல வெடுக்கென்று கையை இழுத்துக்கொள்கிறவர்களும் உண்டு. பழக்க தோஷம்.

மற்றபடி சாமிக்கும் கம்பெனிக்கும் சண்டையே இல்லை. மருந்து கலக்கும் அறைக்குள் செருப்புப் போட்டுப் போகக் கூடாது, சன்னதிக்குள்ளும் அப்படியே. உள்ளே போனால் வாயை மூடிக்கொண்டு பயபக்தியோடு இருக்க வேண்டும். ரெண்டு இடத்திலும் அதே. சன்னதியில் தவறு செய்தால் மன்னிப்பு உண்டு என்பது ஒன்றுதான் வித்தியாசம்.

பூசாரி பெயர் டாக்டர் செழியன். ஊசி போடுகிற டாக்டர் இல்லை. வெடிமருந்து ரசாயனத்தில் பட்டம் வாங்கி, ஒரு சோதனைக்கூடத்தில் பதினைந்து வருஷம் விஞ்ஞானியாகக் குப்பை கொட்டியவர். எந்தப் பட்டாசு எவ்வளவு சத்தம் போடும், எந்த மருந்து எப்போது கோபப்படும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். அவருடைய அப்பா ஊர் ஊராக மேடை போட்டுக் கடவுள் இல்லை என்று பேசியவர். முனியசாமிக்குப் பரம்பரைப் பூசாரிக் குடும்பத்தில் பிறந்து, அந்த முறையைப் பங்காளி வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, மகனுக்குச் சுத்தத் தமிழில் பெயர் வைத்தவர். அந்தப் பெயருக்குப் பின்னால் இப்போது சனங்கள் ‘சாமி’ சேர்த்துவிட்டார்கள். செழியன் சாமி. மேலே இருந்து அப்பா கேட்டுக்கொண்டிருப்பார் என்று சொல்லலாம் என்றால், மேலே என்று ஒன்று இருப்பதையே அவர் ஒப்புக்கொண்டதில்லை.

ஆள் மாறிய கதை மூன்றரை வருஷத்துக்கு முந்தியது. அன்றைக்கு சோதனைக்கு மருந்தில் மாதிரி எடுப்பதற்காக இதே கம்பெனிக்கு வந்திருந்தார். கலக்கும் அறையில் செல்லச்சாமி என்ற வேலையாள் சல்லடையைப் பிடித்து மருந்தைச் சலித்துக்கொண்டிருந்தான். செழியன் பக்கத்தில் நின்று குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். முந்தின நாள் சாத்தூரில் தின்ற சால்னா அந்த நேரம் பார்த்து வயிற்றைப் புரட்டியது. “இந்தா வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டுச் செம்பைத் தூக்கிக்கொண்டு கருவைக்குள் ஓடினார். உட்காரக்கூட இல்லை, பின்னால் அறை வெடித்துப் போய்விட்டது. காற்று அவரைத் தூக்கி முனியசாமி பீடத்தின் மேல் போட்டது. கண் விழித்தபோது சாமியின் அரிவாளும் அவர் மூக்கும் ஒரு சாண் இடைவெளியில் இருந்தன. செல்லச்சாமியையும் இன்னும் மூன்று பேரையும் சாக்கில்தான் அள்ளினார்கள்.

காரணம் என்ன என்று அறிக்கை கேட்டார்கள். அவரே எழுதினார். மருந்தில் ஓடை மணல் கலந்திருக்கிறது. மணல் உரசிப் பொறி பட்டிருக்கிறது. அரைப் பக்கத்தில் முடிந்துவிட்டது. எப்படி வெடித்தது என்பதற்கு அந்த அரைப் பக்கம் போதும். செல்லச்சாமிக்கு ஏன் வயிற்றைப் புரட்டவில்லை என்பதற்குச் சோதனைக்கூடத்தில் கருவி இல்லை. செழியன் ஆறு மாதம் தூங்காமல் கிடந்துவிட்டு, ராஜினாமாக் கடிதம் கொடுத்து, பீடத்துக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டார். அதுவரை பூசாரியாக இருந்த பங்காளி தனுஷ்கோடி, “வாப்பா தம்பி, உனக்கு உள்ளது உனக்கு” என்று மணியையும் தட்டையும் பெருந்தன்மையாகக் கையில் கொடுத்தார். அவருக்குக் கம்பெனியில் ஃபோர்மேன் வேலை அமைந்திருந்தது. விருதுநகரில் வாத்தியார் வேலை பார்க்கும் மனைவி மாரிசெல்விதான் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. “ஆராய்ச்சின்னு போனாலும் வீடு தங்க மாட்டீக. சாமின்னு போனாலும் தங்க மாட்டீக. எனக்கு என்ன நட்டம்?” என்றாள்.

முதலாளி கனகவேல் இதை விடுவாரா? கம்பெனிக் காலண்டரில் செழியனின் படத்தைப் போட்டு, கீழே ‘விஞ்ஞானமும் மெய்ஞ்ஞானமும் கைகுலுக்கும் ஒரே பட்டாசு’ என்று சிவகாசியில் நாலு கலரில் அச்சடித்துவிட்டார். பின்பக்கத்தில் வரலாறு: ‘தெய்வ அழைப்புக் கேட்டு வெளியே வந்தவர் உயிர் பிழைத்தார்.’ அழைப்பு வந்தது உண்மை. எங்கிருந்து வந்தது என்பதைக் காலண்டரில் போட முடியாதுதான். செழியனும் முதலில் கூச்சப்பட்டார். பிறகு காலண்டரைக் கூடத்தில் மாட்டினார்.

ஆனால் பக்தி பொய்யில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். தினமும் விடியலில் குளித்து, பீடத்தைக் கழுவி, உள்ளே போகிற ஒவ்வொரு ஆளின் நெற்றியிலும் திருநீறு பூசும்போது அவர் மனசுக்குள் ஒரே ஒரு வேண்டுதல்தான்: இந்தத் தலை சாயங்காலம் இதே உடம்பின் மேல் வெளியே வரணும். அதிலும் முத்துக்கருப்பன் வந்து நின்றால் கை ஒரு நிமிஷம் கூடுதலாக நிற்கும். செத்துப்போன செல்லச்சாமியின் தம்பி அவன். அண்ணன் நின்ற அதே இடத்தில், புதிதாகக் கட்டிய அறையில், அதே மாதிரி சல்லடையைப் பிடிக்கிறான். ஒரு வீட்டில் ஒருவன் போனது போதும் என்று செழியன் சாமியிடம் சொல்லிவைத்திருந்தார்.

2007 ஆவணி. தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. ஒரு காலையில் முத்துக்கருப்பனின் பெண்டாட்டி பாண்டிச்செல்வி, திரி சொருகப் போகிற அவசரத்தில் வந்து முந்தானையை விரித்தாள்.

“சாமி, திருநீறு ஒரு கை கூடக் குடுங்க. சீசன்ல பத்த மாட்டேங்குது.”

“வீட்டுல அம்புட்டுப் பேரா?”

“வீட்டுக்கா? நல்லாருக்கே! மருந்துக்கு. அவுக ஒவ்வொரு தடவை மருந்து சலிக்கும்போதும் ஒரு சிட்டிகை உள்ள போட்டுத்தான சலிக்காக. நீங்க வந்த நாள்ல இருந்தே அப்படித்தான். இப்ப லோடு கூடிப்போச்சுல்ல, அதான் ஒரு சிட்டிகை காங்கல.”

செழியன் கையிலிருந்த தட்டு சாய்ந்தது. சூடக் கட்டி உருண்டு போய்ச் சாமியின் காலடியில் விழுந்தது.

திருநீறு எங்கிருந்து வருகிறது என்று அவருக்குத்தான் தெரியுமே. சாணி வறட்டியை ஓடைக்கரையில் அடுக்கி, சுட்டு, மணலோடு மணலாகக் கிடக்கிற சாம்பலை அள்ளிச் சலிப்பதுதான். விரலில் தேய்த்தால் நறநற என்னும். சலித்தாலும் போகாத நறநறப்பு. செல்லச்சாமியைக் கொன்றது எதுவென்று அரைப் பக்கம் எழுதினாரே, அதை மூன்று வருஷமாகத் தன் கையாலேயே சிட்டிகை சிட்டிகையாகத் தம்பிக்கு எடுத்துக் கொடுத்துவந்திருக்கிறார். அதுவும் மந்திரம் சொல்லி.

வேட்டியைத் தூக்கிக்கொண்டு மருந்து அறைக்கு ஓடினார். முத்துக்கருப்பன் இடுப்பில் ஒரு துண்டோடு, உடம்பெல்லாம் அலுமினியப் பொடி ஒட்டி, வெள்ளிச் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தான்.

“முத்து, சல்லடையைக் கீழ வை. மெதுவா. மெதுவா வைப்பா!”

“என்ன சாமி, பாம்பா?”

வெளியே கூட்டிவந்து மரத்தடியில் உட்காரவைத்துச் செழியன் விளக்கினார். உரசல் என்றால் என்ன, மணல் என்ன செய்யும், தீக்குச்சியைத் தீப்பெட்டியின் சொரசொரப்பில் கிழிப்பதும் இதுவும் ஒன்றுதான் என்று, இந்தப் பக்கத்துக் குழந்தைக்கும் விளங்குகிற உதாரணமாகப் பார்த்துச் சொன்னார். முத்துக்கருப்பன் பொறுமையாகத் தலையாட்டிக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தான்.

“சாமி, நீங்க படிச்சவுக. நான் ஒண்ணு கேக்கட்டா? திருநீறுங்கிறது என்ன? எரிஞ்சு முடிஞ்சது. எரிஞ்சு முடிஞ்சது மறுபடி எரியுமா? அது உள்ள கெடந்தா, எரியப்போறதும் ‘சரி, நம்ம பெரியாளு இருக்காரு’ன்னு அடங்கிக் கெடக்கும்.”

“அப்படி இல்லப்பா…”

“மூணு வருசமாப் போடுதேன். ஒரு பொறி? ஒரு புகை? எங்கண்ணன் போட்டிருந்தா இருந்திருப்பான். அவன் காலத்துல நீங்க பேப்பரோட வந்தீக. இப்பத்தான திருநீறோட வந்திருக்கீக.”

இதற்கு அறிவியலில் பதில் உண்டு. மூன்று வருஷம் வெடிக்காதது மூன்று வருஷ அதிர்ஷ்டம், அவ்வளவுதான். ஆனால் அதிர்ஷ்டம் என்று இவர்கள் சொல்வதும் முனியசாமியைத்தான்.

“நான் பூசாரியாச் சொல்லுதேன், போடாத. சாமி உத்தரவு.”

முத்துக்கருப்பன் முகம் மாறியது. கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தான். “உங்களுக்குத்தான் சாமி வராதே சாமி. அருள் வந்து ஆடிச் சொன்னா அது உத்தரவு. நீங்க உக்காந்து சொல்லுதீக. இது நீங்க சொல்லுதது.”

அது உண்மை. செழியனுக்கு ஒரு நாளும் அருள் வந்ததில்லை. ஆடிப் பார்க்கலாமா என்று ஒரு கணம் யோசித்தார். சாமி பெயரால் பொய் ஆட உடம்பு கூசியது. கூசாவிட்டாலும், ஆடத் தெரியாது.

முதலாளியிடம் போனார். கனகவேல் வெள்ளைச் சட்டை கசங்காமல் நாற்காலியில் சாய்ந்து, மூன்று விரல் மோதிரங்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிக்கொண்டே கேட்டார்.

“சாமி, விஞ்ஞானியா இருந்தப்ப ஒரு அறிக்கை தந்தீக. மணல், உரசல்னு. அதை யாராச்சும் படிச்சாகளா?”

“இல்ல.”

“நானும் படிக்கல. இப்ப நீங்க திருநீறு பூசாம ஒருத்தன் உள்ள கால் வைக்க மாட்டேங்கான். இது மரியாதையா, அது மரியாதையா? மெய்ஞ்ஞானத்துக்கு வந்துட்டு எதுக்கு விஞ்ஞானத்தைத் திரும்பிப் பாக்கீக? தீபாவளி போகட்டும். பேசுவோம்.”

புகார் எழுதலாம். கலெக்டர் ஆபீஸ் இருக்கும் சூலக்கரைக்குப் பஸ் இருக்கிறது. எழுதினால் கம்பெனிக்குப் பூட்டு விழும். பூட்டு விழுந்தால் முத்துக்கருப்பன் சும்மா இருக்க மாட்டான். எவனாவது ஒரு குத்தகைக்காரனுக்குக் கருவை மரத்தடியில் பாயை விரித்து மருந்து சலிப்பான். அங்கேயும் மடியில் திருநீற்றுப் பொட்டலம் இருக்கும்.

ஆக, விஞ்ஞானியும் பூசாரியும் சேர்ந்து யோசித்தார்கள். ஒரே தலைக்குள் இருந்தபோதும் இருவரும் பல நாளாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்கள். செழியன் சாத்தூரில் செய்யது அபுதாஹிரின் விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய், கேரம் போர்டில் தூவுகிற போரிக் பவுடரைக் கேட்டார். வழவழ என்று இருக்கும், உரசாது, மருந்தில் கிடந்தாலும் கெடுதல் இல்லை.

“எத்தனை டப்பா?” என்றார் அபுதாஹிர்.

“இருபது.”

அபுதாஹிர் நெற்றியில் இருந்த பட்டையைப் பார்த்தார், கழுத்து உருத்திராட்சத்தைப் பார்த்தார். “கோயில்ல டோர்னமெண்டுங்களா?”

“ஆமா.”

“நல்லது. பயலுக கெட்டுப்போகாம இருப்பானுக” என்று சொல்லி ஒரு ஸ்ட்ரைக்கரைச் சும்மா கொடுத்தார்.

மறுநாளிலிருந்து முனியசாமி கோயில் திருநீறு கேரம் பவுடர். கொடுக்கும்போது செழியனுக்கு மனசு ஒட்டவில்லை. ‘முனியப்பா, உன் சாம்பல்னு சொல்லிப் பவுடரைக் குடுக்கேன். பாவம்னா என் கணக்குல போடு. அந்தப் பயலை விட்டுரு.’ இப்படிச் சொல்லிச் சொல்லியே பூசினார். சோதனைக்கூடத்திலிருந்து ஓடிவந்தவர், கடைசியில் சன்னதியையே சோதனைக்கூடம் ஆக்கிவிட்டார். ஆனால் அந்த நாட்களில்தான் ராத்திரி தூங்கினார்.

அதிக நாள் தூங்கவில்லை. ஒரு சாயங்காலம் தனுஷ்கோடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். ஆட்கள் முன்னால் ‘சாமி’ என்பவர், தனியே இருந்தால் பழைய முறைதான்.

“ஏலே செழியா, இது என்ன பவுடரு?”

“திருநீறுண்ணே.”

“என்கிட்டயுமா? முப்பது வருசம் பூசினவன்லே நான். நெத்தியில நிக்கல. வேர்வை பட்டா வழுக்கிட்டுப் போகுது. பொம்பளைக பேசுறாளுக, நெத்தியில திருநீறு நிக்கலேன்னா ஊர்ல சாமி நிக்கலேன்னு. நேத்து நாலு பேரு கம்பெனி வேன்ல ஏறவே மாட்டேன்னுட்டாளுக.”

செழியன் எல்லாவற்றையும் சொன்னார். மணல், உரசல், அரைப் பக்க அறிக்கை, செல்லச்சாமி. தனுஷ்கோடி வெற்றிலையை மெல்லாமல் கேட்டார். நம்பினார் என்றுகூடத் தோன்றியது.

“சரி, நீ சொல்லுதது நெசம்னே வச்சுக்குவோம். திருநீறு இல்லாம முத்துக்கருப்பன் உள்ள போனா பயந்துக்கிட்டே போவான். பயந்தவன் கை நடுங்கும். நடுங்குத கைக்கு மருந்து என்ன செய்யும்? நீ படிச்சிருப்பியே, அதையும் சொல்லு.”

செழியன் தட்டில் கிடந்த பவுடரை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“கவலைப்படாத. உனக்கு முடியலேன்னா நான் சுட்டுத் தாரேன். ஓடை மணல்லயே சுடுவோம், அதான் நல்லா வெளுக்கும்” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். ரெண்டே நாளில் ஒரு மூட்டை வந்து இறங்கியது. நல்ல திருநீறு. நெற்றியில் பூசினால் குளிக்கிறவரை நின்றது. விரலில் தேய்த்தால் நறநற என்றது. செழியன் பூச மாட்டேன் என்று ஒரு நாள் தட்டைத் தொடாமல் இருந்து பார்த்தார். தனுஷ்கோடியே அள்ளி அள்ளிக் கொடுத்தார். அவர் கை தாராளம், செழியன் கொடுப்பதைவிட மூன்று மடங்கு போனது. மறுநாள் செழியன் திரும்பத் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டார். தன் கை கஞ்சக் கையாவது.

கடைசியாக ஒன்று செய்தார். மருந்து அறைக்குள் போய் முத்துக்கருப்பனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். போடுகிற சிட்டிகையையாவது கண்முன்னே குறைக்கலாம். குறைக்க முடியாவிட்டால், இந்தத் தடவை வயிற்றைப் புரட்டினாலும் எழுந்து போகக் கூடாது. அவ்வளவுதான் திட்டம்.

முத்துக்கருப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. “எனக்காகவா சாமி?”

“சலிப்பா. மெதுவாச் சலி.”

அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது. வாசலில் ஒரு தலை தெரிந்தது. பிறகு இன்னொன்று. சாமியே மருந்து அறையில் உட்கார்ந்துவிட்டார் என்று பேச்சு எல்லா ஷெட்டுக்கும் பறந்துவிட்டது. கம்பெனியில் அதைவிடப் பாதுகாப்பான இடம் வேறு ஏது? ஒரு அறைக்கு நாலு பேருக்கு மேல் கூடாது என்பது சட்டம். திரி சொருகுகிற பெண்கள் தட்டோடு வந்து சுவரை ஒட்டி உட்கார்ந்தார்கள். ஒருத்தி கைப்பிள்ளையைத் தூக்கிவந்து, “சாமி மடியில ஒரு நிமிசம் போட்டு எடுத்துக்கிடுதேன்” என்றாள். எண்ணிப் பார்க்கிற தைரியம் செழியனுக்கு இல்லை. பிள்ளை வெறும் தரையில் கிடந்த அலுமினியப் பொடியைக் கையால் அளைந்தது.

“வெளிய போங்கத்தா! எல்லாரும் வெளிய போங்க!”

“நீங்க இருக்கும்போது எங்களுக்கு என்ன சாமி?” என்றாள் பாண்டிச்செல்வி.

அவர்களை வெளியே அனுப்ப ஒரே வழிதான் இருந்தது. செழியன் எழுந்து வெளியே போனார். கூட்டமும் பின்னாலேயே வந்தது. உள்ளே முத்துக்கருப்பன் மட்டும் இருந்தான். சல்லடைச் சத்தம் கேட்டது. அந்த அறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மூன்றரை வருஷத்துக்கு முன்னால் ஓடிய அதே பாதையில், செம்பு மட்டும் இல்லாமல், செழியன் பீடத்துக்கு நடந்தார்.

தீபாவளி வந்தது. போனது. வெடிக்கவில்லை.

அதுதான் விபத்து. சீசன் முழுக்க ஒரு பொறிகூடப் பறக்காத கம்பெனி என்று வட்டாரமே பேசியது. முதலாளி கிடாய் வெட்டினார். மேடை போட்டு, செழியனுக்குச் சால்வை போர்த்தி, “உலக விஞ்ஞானிகளே திகைக்கும் திருநீறு” என்று முழங்கினார். உலகத்தில் திகைத்த விஞ்ஞானி ஒருவர்தான். அவர் சால்வைக்குள் இருந்தார். புதுக் காலண்டரில் படத்தோடு ஒரு சின்னத் திருநீற்றுப் பொட்டலத்தையும் ஒட்டிக் கொடுத்தார்கள். அச்சங்குளத்துக் கம்பெனிக்காரர் ஒருவர் காரிலேயே வந்து இறங்கி, “எங்க மருந்துக்கும் வேணும் சாமி, சாக்கு நாங்களே கொண்டாந்துட்டோம்” என்றார். தனுஷ்கோடி ஓடைக்கரையில் பெரிய சூளையாகப் போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்.

கம்பெனி மறுபடி திறந்த காலை. செழியன் பீடத்தைக் கழுவினார். சூடத்தை எடுத்துத் தட்டில் வைத்தார். கொளுத்தாவிட்டாலும் அது காற்றிலேயே கரைந்து மொச்சைக்கொட்டை அளவுக்கு வந்திருந்தது. வேண்டிக்கொள்ளக் கண்ணை மூடினார். பழைய வேண்டுதல் வாய்வரை வந்தது. இந்த வருஷமும் வெடிக்கக் கூடாது முனியப்பா. ஆனால் வெடிக்காவிட்டால் அடுத்த வருஷம் சுற்றுவட்டாரத்து மருந்து அத்தனையிலும் இந்தச் சாம்பல் விழும். வெடிக்கட்டும் என்று கேட்பதா? எந்த அறை? யார் சல்லடை பிடிக்கிற நேரம்? சாமிக்கு முன்னால் போய் நின்று, கேட்பதற்கு ஒன்றும் இல்லாமல் நிற்பது இத்தனை பயமாக இருக்கும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

“சாமி, வேலைக்குச் சங்கு ஊதியாச்சு.”

கண்ணைத் திறந்தார். பாண்டிச்செல்வி முந்தானையை விரித்து நின்றாள். அவளுக்குப் பின்னால் முத்துக்கருப்பன், பொடி படாத சுத்தமான உடம்போடு, கையைக் குவித்துக்கொண்டு.

“அவுகளுக்கும் மருந்துக்கும் சேத்தே குடுத்துருங்க” என்றாள்.

செழியன் தட்டில் விரலை வைத்தார். எவ்வளவு குறைவாக எடுக்க முடியுமோ அவ்வளவு எடுத்தார். விரல்களுக்கு நடுவே அது நறநற என்றது.

“கொஞ்சம் கூட, சாமி” என்றான் முத்துக்கருப்பன்.